ரேம்ப் இல்லாத கட்டடத்துக்குச் சான்று கிடையாது... இணையதளத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

"ஓடிபி எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்." வங்கியில் இருந்து அரசு வரை எல்லோரும் நமக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கும் அறிவுரை இது. ஆனால், பார்வையில்லாத ஒருவர் ஆன்லைனில் ஓர் அரசு விண்ணப்பத்தைப் போட வேண்டுமென்றால், பல நேரங்களில் இந்த அறிவுரையை மீறுவதுதான் முதல் ஸ்டெப். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கணும். பாஸ்வேர்டைச் சொல்லணும். ஓடிபி வந்ததும் அவரையே டைப் பண்ணச் சொல்லணும்.

இத்தனைக்கும் அவருக்குப் போன் நன்றாகவே பயன்படுத்தத் தெரியும். வாட்ஸ்அப்பில் பேசுவார், யூபிஐ-யில் பணம் அனுப்புவார். அந்த அரசுத் தளத்தில் மட்டும் மாட்டிக்கொள்வார். காரணம், தளம் கட்டப்பட்ட விதம்.

இதைத் தடுக்க இந்தியாவில் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு? அதுவும் இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே. அப்புறம் ஏன் நிலைமை மாறவில்லை? எல்லாவற்றிலும் ஒரே ஒரு பூட்டு மிஸ்ஸிங் என்பதுதான் என் பதில். அது என்ன பூட்டு என்று பார்ப்போம்.

ஸ்கிரீன் ரீடர் எப்படி வேலை செய்கிறது?

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்று ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு 'என்விடிஏ' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் வாசிக்கும்.

ஆனால், இது படத்தைப் 'பார்த்து' வாசிப்பதில்லை. பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கோடை வாசிக்கிறது. 'சமர்ப்பிக்கவும்' என்ற பட்டனுக்குப் பெயர் எழுதியிருந்தால் "சமர்ப்பிக்கவும், பட்டன்" என்று சொல்லும். டெவலப்பர் பெயர் எழுதாமல் வெறும் ஐகானை வைத்துவிட்டால், "பட்டன்" என்று மட்டும் சொல்லும். வரிசையாக நாலு ஐகான் இருந்தால் "பட்டன், பட்டன், பட்டன், பட்டன்." எதை அழுத்துவது?

கேப்சா இன்னொரு சுவர். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து டைப் செய்யச் சொல்கிறது. ஒலி வடிவில் மாற்று கொடுக்காவிட்டால் பார்வையில்லாதவருக்குக் கதை அங்கேயே முடிந்தது. கை நடுக்கம் உள்ளவருக்கு மவுஸ் இல்லாமல் கீபோர்டில் நகர வழி வேண்டும். காது கேளாதவருக்கு வீடியோவில் சப்டைட்டில் வேண்டும். நிதானமாகப் படிப்பவருக்கு ரெண்டு நிமிடத்தில் லாக்-அவுட் ஆகாத பக்கம் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 'அணுகல்தன்மை' என்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நமக்கு வேண்டிய பிரிவுகளை மட்டும் பார்ப்போம்.

பிரிவு 40: கட்டடம், போக்குவரத்து, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு அணுகல் விதிகளை மத்திய அரசு வகுக்க வேண்டும்.

பிரிவு 42: மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் எல்லோரும் அணுகக்கூடியதாக இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

பிரிவு 46: அரசோ, தனியாரோ, சேவை தருகிறவர்கள் எல்லோரும் விதிகள் அறிவிக்கப்பட்ட 2 ஆண்டுகளுக்குள் அவற்றின்படி சேவை தர வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். அப்படியானால் கெடு 2019 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

பிரிவு 89: மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இவை தவிர, அரசு இணையதளங்களுக்கென்றே மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் 2009 முதல் இருக்கின்றன. மூன்றாவது பதிப்பு 2023-ல் வந்தது. தகவல் தொழில்நுட்பத்துக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஐஎஸ் 17802' என்ற தரமும் இருக்கிறது. பேப்பரில் பார்த்தால் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

'செய்தால் நல்லது' வேறு, 'செய்தே ஆக வேண்டும்' வேறு

சிக்கல் எங்கே என்பதை 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜீவ் ரதுரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி 2005-ல் தொடுத்த வழக்கு அது. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம் 'விதி' போடச் சொன்னது. மத்திய அரசு போட்ட விதி 15(1) பல துறைகளின் 'வழிகாட்டி நெறிமுறை'களைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த நெறிமுறைகளைப் புரட்டினால் பெரும்பாலும் பரிந்துரைகள்தான். அதாவது, சட்டம் கட்டாயம் என்கிறது, விதி 'முடிந்தால் செய்யுங்க' என்கிறது. இது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி விதி 15(1) செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. விட்டுக்கொடுக்கவே முடியாத அம்சங்களைத் தனியாகப் பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாகக் கொண்டுவரச் சொன்னது. அந்தக் கெடு 2025 பிப்ரவரியில் புதிய விதிகள் வராமலேயே கடந்துபோனது.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் இருந்து மீண்ட பிரக்யா பிரசூன், பார்வையில்லாத வழக்கறிஞர் அமர் ஜெயின் இருவரும் தனித்தனியாகத் தொடுத்த வழக்குகள். வங்கிக் கணக்கு தொடங்க டிஜிட்டல் கேஒய்சி-யில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று ஆப் கேட்கிறது. ஆசிட் வீச்சில் கண் இமைகள் சிதைந்த ஒருவர் எப்படிச் சிமிட்டுவார்? நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து சென்றவர்தான் நீதிபதி மகாதேவன். டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்புச் சட்டப் பிரிவு 21 தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது அந்தத் தீர்ப்பு.

ஆக, இது சலுகை இல்லை, அடிப்படை உரிமை. அதில் இனி சந்தேகமே வேண்டாம்.

தேனாம்பேட்டையில் நின்று பார்த்தால்...

இந்தச் சட்ட விஷயத்தை நம்ம ஊர் இடம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். அண்ணா சாலையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழக அரசின் வார் ரூம் இங்கிருந்துதான் இயங்கியது. 104-க்கு போன் போட்டால் மறுமுனையில் ஒரு மனிதர் பேசினார். படுக்கை எங்கே காலி, ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்று கேட்க முடிந்தது. பார்வையில்லாதவருக்கும் அந்த போன் ஒன்றுதான், மற்றவருக்கும் ஒன்றுதான்.

அதே மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி வேண்டுமென்றால், மத்திய அரசின் 'கோவின்' தளத்தில் பதிவு கட்டாயம். அந்தத் தளத்தில் என்னென்ன குறை என்று உச்ச நீதிமன்றமே 2021 மே 31 உத்தரவில் பட்டியல் போட்டது. ஒலி வடிவ கேப்சா இல்லை. வயது, தடுப்பூசியின் பெயர், இலவசமா கட்டணமா என்று தேர்வு செய்யும் ஃபில்டர்கள் ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்றபடி இல்லை. எத்தனை ஸ்லாட் காலி என்பது காதில் விழும், ஆனால் அது எந்தத் தடுப்பூசிக்கான ஸ்லாட் என்று தெரியாது. கீபோர்டில் நகர முடியாது. உயிர் போகிற அவசரத்தில் கட்டிய தளம் என்று விட்டுவிடலாமா? அந்த அவசரத்தில் முதலில் விடுபட்டவர்கள் யார் என்று யோசித்தால் விட முடியாது.

இப்போது அதே வளாகத்துக்கு வெளியே வாங்க. ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோ ஸ்டேஷன். 2019-ல் திறந்தது. லிஃப்ட் இருக்கிறது. பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடக்க, மேடு வைத்த மஞ்சள் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். குறைகள் இருக்கலாம். ஆனால், புதிதாக ஒரு ஸ்டேஷன் கட்டும்போது 'லிஃப்டே வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இன்று எந்த இன்ஜினீயரும் சொல்ல முடியாது.

ஏன் முடியாது? அங்கே பூட்டு இருக்கிறது. அதுதான் பிரிவு 44. அணுகல் விதிகளுக்கு உட்படாத பிளானுக்குக் கட்டட அனுமதியே தரக் கூடாது. கட்டி முடித்த பிறகும், விதிப்படி இல்லையென்றால் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது, குடியேறவும் விடக் கூடாது. சென்னையில் பெரிய கட்டடம் கட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்த 'கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட்' எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். அது வராவிட்டால் கரன்ட் கனெக்‌ஷனே சிக்கலாகிவிடும். 2024 தீர்ப்பும் இதைக் குறிப்பிட்டே சொல்கிறது: கட்டாய விதிகள் வந்த பிறகு மீறினால், நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது போன்ற விளைவுகளை அமல்படுத்துங்கள்.

இணையதளத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. டெண்டர் விடப்படுகிறது. நிறுவனம் கட்டித் தருகிறது. அமைச்சர் பட்டனை அழுத்தித் தொடங்கிவைக்கிறார். பில் பாஸ் ஆகிறது. 'ஸ்கிரீன் ரீடரில் ஓடுதா?' என்று கேட்டு, இல்லையென்றால் பில்லை நிறுத்தும் கட்டாயம் அந்தப் பாதையில் யாருக்கும் இல்லை. மத்திய அரசின் தரச் சான்று ஒன்று இருக்கிறது. ஆனால், அது இல்லாமலும் தளம் லைவ் ஆகலாம். நான் சொன்ன அந்த மிஸ்ஸிங் பூட்டு இதுதான்.

இதில் என்ன குடிமுழுகிப்போச்சு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அரசு மருத்துவமனைகளுக்கு டாக்டர், நர்ஸ் உள்ளிட்டோரைத் தேர்வு செய்யும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் இதே டி.எம்.எஸ். வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே மட்டுமல்ல, இன்று பெரும்பாலான அரசு வேலைகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4% இட ஒதுக்கீடு உண்டு என்கிறது சட்டத்தின் பிரிவு 34. எந்தத் தேர்வு வாரியமாகவும் இருக்கட்டும், அதன் விண்ணப்பப் படிவம் ஸ்கிரீன் ரீடரில் திறக்கவில்லை என்றால், அந்த 4% கேப்சா பெட்டியோடு நின்றுவிடும்.

தமிழுக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல்

ஆங்கிலத் தளங்களில் இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. பழைய எழுத்துருக்கள்.

பாமினி எழுத்துருவில் ஒருவர் 'தமிழ்' என்று டைப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் நமக்குத் 'தமிழ்' என்றுதான் தெரியும். ஆனால், கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை. "ஜே கே பி ஓ" என்றுதான் உளறும். ஒரு முழு அறிவிப்பையும் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

இதற்குத் தீர்வு யூனிகோடு. தமிழக அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை போட்டுவிட்டது. 15 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் சுற்றுகின்றன.

அதைவிட மோசம், ஸ்கேன் செய்த பிடிஎஃப். கையெழுத்தும் சீலும் போட்ட அரசாணையை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் போட்டோ. ஒரு வரிகூட வாசிக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டத்தின் அரசாணையே இப்படி ஸ்கேனாக வந்தால், யாருக்காகப் போட்டோமோ அவரால் மட்டும் படிக்க முடியாது. மழைக்காலத்தில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற அறிவிப்பு ஜேபெக் படமாகச் சோஷியல் மீடியாவில் வருவதும் இதே கதைதான். அந்தப் படத்தோடு அதே விஷயத்தை இரண்டு வரி டைப் செய்து போட்டால் போதும். காசு செலவில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

வழக்கமான மூன்று எதிர்க்கேள்விகள் உண்டு.

ஒன்று, "வீட்டில் யாராவது செய்து கொடுப்பாங்க, இல்லேன்னா இ-சேவை மையம் இருக்கே." சரி, சம்பளக் கணக்கு, மருத்துவ அறிக்கை, குடும்பப் பிரச்சினை தொடர்பான புகார்... இதையெல்லாம் கவுன்டரில் இருக்கும் அறிமுகமில்லாதவரிடம் சொல்லி டைப் பண்ண வைக்க நமக்குச் சம்மதமா? நமக்குச் சம்மதமில்லாததை அவர் மட்டும் ஏன் ஏற்கணும்?

இரண்டு, "செலவு ரொம்ப ஆகும்." இது பழைய வாதம். 2000 சிட்னி ஒலிம்பிக் தளம் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மெக்வயர் என்ற பார்வையில்லாத ஆஸ்திரேலியர் புகார் கொடுத்தார். சரிசெய்ய ஓர் ஆளுக்கு 368 நாள் ஆகும், 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகும் என்றது ஒலிம்பிக் அமைப்புக் குழு. அந்நாட்டு மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. கடைசியில் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவானது. கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து ரேம்ப் வைத்தால் செலவுதான். பிளானிலேயே வைத்தால் அது செலவுக் கணக்கில் பெரிதாகத் தெரியாது.

மூன்று, "எங்க தளத்தில்தான் எழுத்தைப் பெரிதாக்குற பட்டன் வச்சிருக்கோமே." மேலே 'ஏ பிளஸ், ஏ மைனஸ்' வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. ஒரு விட்ஜெட்டை ஒட்டவைத்தால் எந்தத் தளமும் சர்வதேசத் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த 'ஆக்சஸிபி' நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-ல் உத்தரவிட்டது. வாசலில் ரேம்ப் படத்தை ஒட்டினால் அது ரேம்ப் ஆகிவிடாது.

அரசை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 2025-ல் 'வெப்எய்ம்' அமைப்பு உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, 94.8% பக்கங்களில் அணுகல் பிழை இருந்தது. தனியாரும் இதே கதைதான். ஆனால், ஒரு ஷாப்பிங் ஆப் சரியில்லை என்றால் வேறு ஆப்புக்குப் போகலாம். சாதிச் சான்றிதழுக்கு வேறு அரசு கிடையாது. அதனால்தான் அரசுத் தளங்களுக்குச் சட்டம் முதலில் கறாராக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மாநில அரசு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத மூன்று விஷயங்கள்.

முதலாவது, இணையதளத்துக்கும் கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட். அணுகல் சோதனையில் பாஸ் ஆகாமல் கடைசித் தவணை பில் கிடையாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். அபராதம் 10,000 ரூபாயைப் பார்த்து எந்த நிறுவனமும் பயப்படாது. நிற்கிற பில்லைப் பார்த்துப் பயப்படும்.

இரண்டாவது, சோதிப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும், அதுவும் சம்பளத்தோடு. 2025 தீர்ப்பே ஆப், இணையதளம் வடிவமைக்கும்போதும் புதிய வசதி சேர்க்கும்போதும் பார்வையற்றவர்களைப் பயனர் சோதனையில் சேர்க்கச் சொல்கிறது. சாஃப்ட்வேர் தயாரிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.

மூன்றாவது, வெளிப்படையான அறிக்கை. பிரிட்டனில் 2018 முதல் இருக்கும் விதிகளின்படி, ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் தளத்தில் எது வேலை செய்யவில்லை, யாரிடம் புகார் சொல்வது என்று அறிக்கை வெளியிட வேண்டும். 'எல்லாம் சூப்பர்' என்று சொல்வதைவிட 'இது இன்னும் சரியாகல, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்க' என்று சொல்வது எவ்வளவோ மேல்.

நீங்கள் செய்யக்கூடியது

இதைப் படிக்கும் உங்களில் பலர் டெவலப்பராக, டிசைனராக, டெஸ்டராக இருக்கலாம். உங்கள் கம்பெனி ஏதாவது ஓர் அரசு புராஜெக்டைக் கையில் வைத்திருக்கலாம். ஒரு சின்னச் சோதனை போதும். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய் டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் கட்டிய ஆப்பில் ஒரே ஒரு விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை நிரப்பிப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்றால் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையில் மட்டும் நகருங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் முதல் பக். அடுத்த ரிலீஸுக்குத் தள்ளாமல் அதை இந்த ஸ்பிரின்ட்டிலேயே போடுங்கள்.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ ஓர் அரசுத் தளத்தில் மாட்டிக்கொண்டால், ஸ்கிரீன்ஷாட்டும் தேதியும் எடுத்துக்கொண்டு அந்தத் துறைக்கு முதலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். மத்திய அரசுத் தளம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு. புகாரில் பிரிவு 46 என்று குறிப்பிட மறக்காதீர்கள். 2005-ல் ஒருவர் போட்ட வழக்குதான் 2024-ல் ஒரு விதியையே மாற்றியது. அவ்வளவு காலம் அடுத்தவரும் காத்திருக்கக் கூடாது என்றால், புகார்கள் இப்போதே எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.